தேர் அன்று கண்ணை மூடிக்கொண்ட சோலார்

போன வருஷம் சித்திரைத் தேர் அன்று ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. மொத்தம் கால் மணி நேரம்கூட இருக்காது. இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

எங்கள் வீடு தேர் ஓடும் வீதியிலேயே இருக்கிறது. தேர் அன்று காலையில் வீதிக்குக் கரண்டை நிறுத்திவிடுவார்கள். குறுக்கே போகிற ஒயர்களை எல்லாம் கழற்றுவார்கள். தேர் நிலைக்கு வந்த பிறகு போஸ்ட் போஸ்ட்டாக ஏறி அவற்றைத் திரும்ப மாட்டிவிட்டுத்தான் கரண்ட் விடுவார்கள். வருஷா வருஷம் இதே கதைதான். அன்றைக்கென்று பார்த்து முசிறி, தில்லை நகர் என்று எல்லாப் பக்கமிருந்தும் சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்குவார்கள். சித்திரை வெயில், வீடு நிறைய ஆட்கள், ஒரு ஃபேன் ஓடாது. "இந்த வீட்ல மனுஷன் இருப்பானா" என்று என் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே என்னிடம் சொல்வார்கள்.

சோலார் போடலாம் என்று என் கணவர் சொன்னபோது நான் தலையாட்டியதற்குப் பாதிக் காரணம் அதுதான். செலவு கொஞ்சமில்லை. அரசு மானியம் போகவும் கையிலிருந்து நிறையப் போனது. வடாம் காயப்போட இருந்த மொட்டை மாடியும் போனது. வாரம் ஒருமுறை ஏறிச் சோலார் பலகைகளின் மேல் தண்ணீர் ஊற்றித் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் காக்கா எச்சம் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஆனால் முதல் கரண்ட் பில் வந்தபோது யாரோ தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்றே நினைத்தேன். அவ்வளவு குறைந்திருந்தது. அந்தத் திமிரில் எல்லோருக்கும் போன் போட்டு, "இந்த வருஷம் தேருக்கு வாங்க, ஃபேன் ஓடும்" என்று பெருமையடித்து வைத்தேன்.

காலையில் வீதியில் கரண்ட் போனது. எங்கள் வீட்டிலும் போனது. வெயில் மாடியில் கொளுத்துகிறது, பலகைகள் தகதகக்கின்றன, கீழே ஒரு லைட் எரியவில்லை.

தேர் பார்த்துவிட்டு வந்து வியர்வையில் உட்கார்ந்திருந்த என் நாத்தனார், "ஏன் அண்ணி, உங்க சோலார் இன்னிக்கு விரதமா?" என்று கேட்டாள். அவள் வீட்டுக்காரர் விடுவாரா? சூரியன் தேர் பார்க்கப் போயிருப்பார், நிலைக்கு வந்ததும் திரும்பிவிடுவார் என்றார். வீடே சிரித்தது. எனக்கு உச்சி மண்டைக்கு ஏறிவிட்டது.

மாடிக்குப் போய், சோலார் மாட்டிக் கொடுத்த பையனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. நான் போனை வைத்துவிட்டு அங்கேயே நின்று அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் கீழே நாத்தனார் வீட்டுக்காரர் வேறு ஏற்பாட்டில் இறங்கிவிட்டார். எதிரே நீர்மோர்ப் பந்தலில் மைக் செட்டுக்கு வைத்திருந்த சின்ன ஜெனரேட்டரை, தேர் நிலைக்கு வந்து அவர்கள் வேலை முடிந்ததும் கேட்டு வாங்கி வந்துவிட்டார். ஒரு ஒயரின் இரண்டு பக்கமும் ப்ளக் மாட்டினார். ஒரு முனை ஜெனரேட்டரில், மறுமுனை எங்கள் சமையல்கட்டு ப்ளக் பாயிண்டில். அப்படிச் செய்தால் வீடு முழுக்கக் கரண்ட் வந்துவிடுமாம். மாடிப்படியில் நின்று என்னிடம் அதைச் சொன்னார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சீக்கிரம் போடுங்க என்றேன்.

அப்போதுதான் அந்தப் பையன் திரும்பக் கூப்பிட்டான். வாய்க்கு வந்தபடி கேட்டேன். அவன் பொறுமையாக, பேட்டரி இல்லாத சோலார் கரண்ட் போனால் தானாக நின்றுவிடும் என்று போடும்போதே சொன்னேனே என்றான். சொல்லியிருப்பான். என் காதில் பில் குறையும் என்பது மட்டும்தான் விழுந்திருக்கிறது. எதற்காக நிற்க வேண்டும், வெயில்தான் இருக்கிறதே என்று கத்தினேன்.

"அக்கா, அது நிக்கலேன்னா உங்க வீட்டுக் கரண்ட் வெளிய லைனுக்குப் போயிரும். போஸ்ட்ல வேலை பாக்கறவரு செத்துருவாரு. ஜெனரேட்டர் போட்டாலும் மெயினை ஆஃப் பண்ணாம போட்டுறாதீங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். எங்கள் வீட்டு போஸ்ட் மொட்டை மாடிச் சுவரிலிருந்து கையை நீட்டினால் எட்டுகிற தூரம். அதன் உச்சியில் ஒரு ஆள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, எங்கள் லைன் ஒயரை இரண்டு கைகளாலும் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தார். முகத்தில் வியர்வை சொட்டியது தெரிந்தது.

எப்படிப் படி இறங்கினேன் என்று தெரியாது. நாத்தனார் வீட்டுக்காரர் ஜெனரேட்டர் கயிற்றை இழுக்கக் குனிந்திருந்தார். நான் நேராகச் சமையல்கட்டுக்கு ஓடி அந்த ப்ளக்கைப் பிடுங்கி எறிந்தேன்.

"என்னம்மா, இப்பதானே போடச் சொன்னே?"

"கயித்தை விடுங்க அண்ணா. வெளிய ஒருத்தர் போஸ்ட்ல தொங்கறாரு. மேல வந்து பாருங்க."

முறைத்துக்கொண்டேதான் மேலே வந்தார். பார்த்தார். கீழே போய், கத்தரிக்கோலை எடுத்து, அந்த ஒயரை நாலு துண்டாக வெட்டிப் போட்டார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு கிண்டலும் வரவில்லை.

நான் மாடியிலேயே நின்றேன். காலையில் அத்தனை உயரத் தேர் அசைந்து வந்தபோது எல்லோரையும்போல நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஆனால் என் உடம்பு சிலிர்த்தது அப்போதுதான், அந்தப் பலகைகளைப் பார்த்து. இத்தனை வெயிலையும் வாங்கிக்கொண்டு, ஒரு சொட்டுக் கரண்ட் வெளியே விடாமல் கிடக்கின்றன. யாரும் ஸ்விட்சை அணைக்கவில்லை. போஸ்ட்டில் யார் இருக்கிறார், இருக்கிறாரா இல்லையா என்பதுகூட அவற்றுக்குத் தெரியாது. ஒருவேளை ஆள் இருந்தால் என்று எவனோ எங்கோ உட்கார்ந்து யோசித்து அதை அப்படிச் செய்து வைத்திருக்கிறான். அதைப் போய் நான் காலையிலிருந்து தண்டம் என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

போஸ்ட்டிலிருந்தவர் என்னைப் பார்த்துத் தண்ணீர் கேட்டார். சுவரோரம் போய் பாட்டிலை நீட்டினேன். குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும்போது, தினமும் கேட்கிற கேள்விபோல, "அக்கா, உங்க வீட்ல ஜெனரேட்டர் எதுவும் ஓடலியே?" என்றார்.

"இல்லப்பா, ஓடல" என்றேன். என் பேச்சை அப்படியே நம்பி, திரும்பி ஒயரில் கை வைத்தார்.

வீதியில் எத்தனை வீடுகள். எந்த வீட்டில் எவன் என்ன செய்கிறான் என்று அவருக்குத் தெரியாது. அத்தனை பேரையும் நம்பித்தான் மேலே ஏறுகிறார்.

இப்போதும் நல்ல வெயிலில் கரண்ட் போனால் எனக்குக் கோபம் வரத்தான் செய்கிறது, அது என் பிறவிக் குணம். ஆனால் மாடியில் பலகைகள் சத்தமில்லாமல் கிடப்பதைப் பார்த்ததும், எங்கோ ஒரு போஸ்ட்டில் யாரோ ஒருவர் உயிரோடு வேலை செய்துகொண்டிருக்கிறார் என்று நினைத்து வாயை மூடிக்கொள்கிறேன்.