களை இல்லை என்று சொன்னவள்

ஜுனைதா ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு, "மூஞ்சியில களை இல்லை" என்று சொன்னபோது, இல்லாமல் போயிருந்தது யாரிடம்? தொண்டியில் அப்போது அப்படி ஒருவரும் கேட்கவில்லை. அவள் கண்ணுக்கு ஊரில் அவ்வளவு மதிப்பு.

மதிப்பு வந்த வழி எளிது. அங்கே பல வீடுகளில் மாப்பிள்ளை தம்மாமிலோ துபாயிலோ இருப்பான். பெண் வீட்டார் படம் தரமாட்டார்கள். ஒரு போனுக்குள் போன படம் அப்புறம் எந்தெந்தப் போனுக்குப் போகும் என்பது அவர்கள் கவலை. ஆகவே மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் போய்ப் பார்த்து வருவார்கள். பார்த்தவள் வாயால் சொல்வதுதான் படம். ஜுனைதா சொல்லி முடிந்த கல்யாணங்களில், ஊர் வந்து இறங்கிய எந்த மாப்பிள்ளையும் முகம் சுளித்ததில்லை. இதைப் பெரிய ஆற்றல் என்று சொல்லத் தோன்றவில்லை. ஆனால் எல்லாருக்கும் வாய்ப்பதுமில்லை.

வெளிநாட்டில் இருந்த சொந்தத் தம்பி ரிஃபாய்க்குப் பெண் தேடத் தொடங்கிய வருடம் சிக்கல் வந்தது. முதலில் பார்த்த பெண்ணை வேண்டாம் என்றாள். அடுத்த பெண்ணையும் வேண்டாம் என்றாள். அதன் பிறகு திருப்பாலைக்குடியில் காலிதா என்ற பெண்ணைப் பார்த்தார்கள். கூடப் போன அவள் உம்மாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. திரும்பி வரும் ஆட்டோவிலேயே கல்யாணத்துக்கு எத்தனை ஆடு அறுப்பது என்று பேச ஆரம்பித்தார். ஜுனைதா வெளியே உப்பளத்தைப் பார்த்துக்கொண்டே, களை இல்லை என்றாள். உம்மா தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டார். பேச்சு அத்தோடு நின்றது.

அந்த மாதங்களில் ஜுனைதாவுக்குத் தூக்கம் சரியில்லை. பசி வருவதில்லை. தலை சீவுவதே ஒரு வேலையாக இருந்தது. வீட்டார் அதைச் சோம்பல் என்றார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

நோன்புப் பெருநாள் காலையில் மகளுக்குப் புதுச்சட்டை போட்டு, கண்ணுக்குச் சுருமா மை இட்டு நிறுத்தினாள். எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெண், புள்ளைக்குக் கண்ணு பட்டுரும், சுத்திப் போடு என்றாள். ஜுனைதா குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். கண், மூக்கு, வாய், கன்னத்துக் குழி எல்லாம் இருந்தன. கடையில் வாங்கிய சாமானைச் சரிபார்ப்பது போல மறுபடியும் பார்த்தாள். ஒன்றும் குறையவில்லை. அதற்கு மேல் எதுவும் நடக்கவும் இல்லை. முன்பெல்லாம் அந்தக் கன்னத்துக் குழியைப் பார்த்தால் கை தானாகப் போகும். இப்போது கை போகவில்லை. மிளகாயும் உப்பும் எடுத்து முறைப்படி சுற்றிப் போட்டாள்.

அன்று மத்தியானம் கணவர் அப்துல் குத்தூஸிடம் கேட்டாள்.

"நம்ம புள்ள அழகா இருக்காளா?"

அவர் பிரியாணித் தட்டிலிருந்து நிமிரவில்லை. "ஏன், இல்லைன்னா மாத்திக் குடுப்பாகளா?"

சொல்லிவிட்டு நிமிர்ந்தார். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தார். அந்த வாரமே ராமநாதபுரத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார்.

அந்த மருத்துவர் அம்மாள் சுருக்கமாகவே சொன்னார். இதற்குப் பெயர் மனச்சோர்வு. கண்ணில் கோளாறு இல்லை. நல்ல முகத்தைப் பார்த்தால் மூளைக்குள் ஒரு மகிழ்ச்சி எழும், அதைத்தான் நாம் அழகு என்று சொல்லிக்கொள்கிறோம். சோர்வு வந்தவர்களுக்கு அது மங்கிப்போவதுண்டு. மாத்திரை சாப்பிட்டால் மெல்லத் திரும்பும், சில மாதம் ஆகலாம், அதுவரை பெரிய முடிவு எதுவும் எடுக்க வேண்டாம் என்றார். உம்மா ஏர்வாடி தர்காவுக்குப் போயே ஆகவேண்டும் என்றார். அங்கேயும் போய் வந்தார்கள். இரண்டில் எது பலித்தாலும் உம்மாவுக்கு ஆட்சேபணை இல்லை. மாத்திரை விஷயம் மட்டும் வெளியே போகக்கூடாது என்று வீட்டில் பேசி வைத்தார்கள். நாளைக்குப் பேத்திக்கும் மாப்பிள்ளை வரவேண்டும் அல்லவா?

இதற்குள் திருப்பாலைக்குடியிலிருந்து ஒரு செய்தி வந்தது. காலிதாவைப் பார்ப்பதாக இருந்த வேறு இரண்டு வீட்டார் வரவில்லை. தொண்டி ஜுனைதாவே வேண்டாம் என்ற பெண்ணில் ஏதோ இருக்கிறது என்று பேச்சாம்.

ஜுனைதா காத்திருந்திருக்கலாம். ரிஃபாய் லீவில் வர நாள் இருந்தது. கண் தெளிந்த பிறகு ஏதாவது சாக்கில் போய், மறுபடி பார்த்து, நல்ல வார்த்தை சொல்லியிருந்தால் மாத்திரையைப் பற்றி ஒருவருக்கும் தெரிந்திராது. அவள் மறுநாளே உம்மாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

காலிதாவின் உம்மா வாசலில் வரவேற்றதில் மரியாதைக்குக் குறைவில்லை, அன்புதான் இல்லை. காலிதாவே ரோஸ்மில்க் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு உள்ளே போகாமல் ஜுனைதாவின் எதிரில் நின்றாள்.

"லாத்தா, என் மூஞ்சியில என்ன கொறைன்னு சொல்லிட்டுப் போங்க. தெருவுல கேக்குறவுகளுக்குப் பதில் சொல்லணும். கண்ணாடியப் பாத்துப் பாத்து எனக்கே சந்தேகம் வந்துருச்சு."

"ஒன் மூஞ்சியில ஒண்ணுமில்ல. எனக்குத்தான் சொகமில்ல, மாத்திரை சாப்பிடுறேன். யாரு மூஞ்சியும் எனக்கு மனசுல ஏறல. பெத்த புள்ள மூஞ்சிகூட ஏறல."

ஜுனைதாவின் உம்மா அவள் முழங்கையைக் கிள்ளினார். பலனில்லை.

காலிதாவின் உம்மா ரோஸ்மில்க் டம்ளரை ஜுனைதாவின் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு, அல்லாஹ் சுகம் கொடுப்பான், சுகமானதும் வந்து மறுபடி பாரு புள்ள, அவசரமில்லை என்றார். நியாயமான பேச்சு. ஜுனைதாவின் உம்மா உடனே தலையாட்டினார்.

காலிதா மட்டும் கேட்டாள்: "சுகமாகி வந்து பாத்து, அப்பவும் களை இல்லைன்னு தோணுனா?"

ஜுனைதா அந்த முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். அப்போதும் அவளுக்குள் எதுவும் எழவில்லை. பிற்பாடு அவளே சொன்னது இது. பையிலிருந்து போனை எடுத்தாள். தம்பியின் பெயரைத் தேடி, எல்லாரும் கேட்கவே வாய்ஸ் மெசேஜில் பேசினாள்.

"ரிஃபாய், காலிதாவ இன்னொரு வாட்டி பாத்தேன். அழகான பொண்ணு. முடிச்சிரலாம்."

அனுப்பிவிட்டு ரோஸ்மில்க்கைக் குடித்தாள். தெரியாத ஒன்றைத் தம்பியிடம் தெரிந்ததாகச் சொன்னது சரி என்று வாதிட முடியாது. அவளும் வாதிடவில்லை. உம்மா பஸ்ஸில் கேட்டார். ரிஃபாய்க்கும் காலிதாவுக்கும் கல்யாணம் முடிந்த பிறகு கணவரும் ஒருமுறை கேட்டார். அன்று ஏன் அப்படிச் சொன்னாள் என்பதை ஜுனைதா யாருக்கும் சொல்லவில்லை.