குளிர்த்தி பார்க்காத அக்கா

அக்கா போய் ஓராண்டாகிறது. இந்த நினைவு மலருக்கு எழுதச் சொல்லி எல்லாரும் என்னையே பிடித்துக்கொண்டார்கள். எனக்கும் களைப்புத்தான். ஆனால் அவருடன் பிறந்தவள் நான் ஒருத்திதானே, வேறு யார் எழுதுவது?

செட்டிபாளையத்தில், எங்கள் தாயாருக்குச் சீதனமாக வந்த வீடு வளவில்தான் அக்கா பிறந்தார், மணந்தார், மறைந்தார். பெரிய வெள்ளத்தில் வயல் வட்டை முழுவதும் அழுகிப்போன ஆண்டில் அத்தான் காய்ச்சலில் போனார். பிள்ளைகள் இல்லை. அடுத்த கோடையில் என் மூத்தவனுக்கு அம்மாள் வருத்தம் கண்டு உடம்பெல்லாம் அம்மைக் கொப்புளம் போட்டபோது அக்காதான் பாயருகே இருந்து பார்த்தார். அன்றிலிருந்து ஊர் அவரை விடவில்லை.

கொப்புளம் கண்ட வீட்டில் பாயில் கிடப்பது பிள்ளையல்ல. மதுரையை எரித்த சூடு ஆறாமல் வந்திறங்கிய கண்ணகை அம்மாள். அவளை ஏசக்கூடாது, அடுப்பில் தாளிக்கக்கூடாது, கேட்டதை மறுக்கக்கூடாது. நாலு வயதுப் பையனாக இருந்தாலும் அக்கா வேப்பிலையால் வருடிக்கொண்டு, "ஆறுங்க தாயே, ஆறுங்க" என்றுதான் பேசுவார். கடைசித் தண்ணீர் வார்த்ததும் பேசாமல் எழும்பி வந்துவிடுவார். அந்த வீட்டார் நன்றி சொல்லக்கூடாது, ஆற்றியவள் அம்மாள். 'போயிட்டு வாங்க' என்றும் சொல்லக்கூடாது, அது அம்மாளைத் திரும்ப அழைத்ததாகிவிடும். ஒருமுறை கல்லடியில் ஒரு மீன்காரர் மனைவி வாய்தவறி, "போயிட்டு வாங்கக்கா" என்றுவிட்டாள். பத்து நாளில் இளையவளுக்கும் கொப்புளம். அக்கா வேலிப் படலையைத் திறந்துகொண்டே, "நீதானே கூப்பிட்டாய், ரெண்டு பேரும் வந்திட்டம்" என்றாராம்.

சிரிப்பெல்லாம் வெளியில்தான். அக்காவுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. எங்கள் அம்மன் கோயில் கதவு வைகாசியில் ஒரு கிழமை, ஏழு நாள்தான் திறக்கும். கடைசி நாள் குளிர்த்தி பாடி, அம்மாளின் கோபத்தை ஆற்றி, அந்தத் தண்ணீரை எல்லார் மேலும் தெளித்துக் கதவைச் சாத்துவார்கள். அத்தான் போன பிறகு அக்கா அதைப் பார்த்ததே இல்லை. கொப்புளமும் அதே கோடையில்தானே வரும்! ஒவ்வொரு வைகாசியும் அவர் யாரோ ஒருவரின் பாயருகே இருந்தார்.

ஒரு வைகாசியில் தலை முழுகி, அம்மாளுக்குப் பூ எடுத்துக்கொண்டு படலைவரை வந்துவிட்டார். உடுக்குச் சத்தம் கேட்கிறது. பக்கத்து வளவுப் பெண் ஓடிவந்து, "அக்கா, மகளுக்கு அம்மாள் வந்திருக்கா" என்றாள்.

அக்கா அப்படியே மணலில் குந்திவிட்டார். "எனக்குக் களைச்சுப் போச்சு புள்ள. இந்த ஒருக்கா என்னை விடன். அம்மாளுக்கு நான் மட்டுந்தானா?"

அவள் அழுதுகொண்டு திரும்பினாள். கொஞ்ச நேரம் சென்று அக்கா எழும்பி அந்தப் பூவை என் கையில் தந்தார். "நீ போய்ப் பாரு" என்று சொல்லிவிட்டு அந்த வீட்டுக்குப் போனார். நான் கோயிலுக்குப் போனேன். எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை.

சென்ற வைகாசியில் இருதய வருத்தத்தோடு படுக்கையில் இருந்தார். தூக்கிக்கொண்டு போவோம் என்றோம், டாக்குத்தர் விடவில்லை. குளிர்த்தி முடிந்ததும் பூசை செய்யும் கப்புகனாரே அந்தத் தண்ணீரைச் செம்பில் கொண்டுவந்தார். அவரும் சிறுவயதில் அம்மாள் வந்து, அக்கா பார்த்த பாயில் கிடந்தவர்தான். வேப்பிலையால் தொட்டுத் தெளித்து, "ஆறுங்க தாயே, ஆறுங்க" என்றார்.

அக்கா கண்ணைத் திறந்தார். "இதுதானா புள்ள குளிர்த்தி? இதைத்தானே நான் வீடு வீடா வார்த்தன்" என்றார். பிறகு, "நல்லாக் குளிருது" என்றார். மறுநாள் மத்தியானம் நான் இளநீர் வெட்டப் போன நேரத்தில், வழக்கம்போலச் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

செம்போடு வந்த கப்புகனாருக்கும், வெள்ளைத் துணி கொண்டுவந்த காத்தான்குடி முஸ்லிம் நானாவுக்கும், பாடை சுமந்த கைகளுக்கும் எங்கள் நன்றி. செத்த வீட்டிலும் சொல்லிக்கொண்டு போவதில்லை. அன்று நீங்கள் பேசாமல் எழும்பிப் போனதை நாங்கள் குறையாக எண்ணவில்லை. அக்கா தண்ணீர் வார்த்த வீடுகள் சொல்லக்கூடாமல் வைத்திருந்த நன்றியையும் நானே இங்கே சொல்லிவிடுகிறேன்.

இனி ஆரும் கூப்பிட மாட்டாங்க. படுங்கக்கா.