தங்கப் பூச்சு பியூஸ்

பியூஸுக்குத் திசை உண்டு என்று என் வீட்டுக்காரர் சொன்ன அன்றுதான், இந்த மனிதரை இனிச் சும்மா விடக்கூடாது என்று முடிவு செய்தேன். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு மெல்லிய கம்பி, அவ்வளவுதான் பியூஸ். அதை ஒரு பக்கமாக மாட்டினால் பாட்டு ஒரு மாதிரியும், திருப்பி மாட்டினால் வேறு மாதிரியும் கேட்குமாம். வீட்டுக்கு வருகிற கரண்டே கண் இமைப்பதற்குள் பலமுறை திசை மாறுகிறது. பள்ளத்தூரில் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறவளிடம் வந்து இதைச் சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும்.

பாட்டுக் கேட்கிற செட் அவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது வாங்கியது. ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர், மூலையில் அடிநாதத்துக்கென்று ஒரு சப்வூஃபர். கொஞ்ச காலமாக நாதஸ்வரத்தில் உயிரில்லை, ஜால்ரா மங்கிவிட்டது என்று புலம்பிக்கொண்டிருந்தார். வாட்ஸ்அப் குழுவில் யாரோ பியூஸை மாற்றச் சொல்ல, ஆம்ப்ளிஃபயருக்குத் தங்கப் பூச்சு போட்ட பியூஸ் ஒன்று பார்சலில் வந்தது. மாட்டிய அன்று, திரையை விலக்கின மாதிரி இருக்கிறது என்றார். நாலே நாளில் பழையபடி மங்கல். சரி, சப்வூஃபருக்கும் மாற்றிவிடலாம் என்று அடுத்ததை வரவழைத்தார். ஆம்பியரை மட்டும் கூட்டவிடாமல் பார்த்துக்கொண்டேன். உருக வேண்டிய நேரத்தில் பியூஸ் உருகாவிட்டால் வீடு பற்றிக்கொள்ளும். சப்வூஃபர் சத்தத்தைக் கூட்டக் கூட்ட அலமாரியில் டம்ளர்கள் ஆடின. பக்கத்து வீடு கல்யாணத்துக்கு மட்டும் திறக்கிற வீடு என்பதால் சண்டைக்கு வரவும் ஆளில்லை.

கோளாறு செட்டில் இல்லை என்று எனக்குத் தெரியும். குக்கர் விசில் அவருக்குக் கேட்பதில்லை. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. முன்னால் நின்று பேசினால் பொத்தாம்பொதுவாக ஒரு சிரிப்பு. என் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று சொன்னபோதும் அதே சிரிப்புதான் வந்தது. அந்தக் கோபம் எனக்கு ஆறவே இல்லை. காது டாக்டரைப் பார்ப்போம் என்றாலோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். கோயில் கச்சேரியில் சுருதி கொஞ்சம் விலகினாலும் முதல் ஆளாக முகம் சுளித்தவர். அந்தக் காதைப் போய்க் குறை சொன்னால் எப்படிப் பொறுப்பார்?

சொல்லிப் பயனில்லை, அவரே கண்டுகொள்ள வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சப்வூஃபருக்கு வந்த புது பியூஸை நானே மாட்டுகிறேன், நீங்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்து வித்தியாசத்தை மட்டும் சொல்லுங்கள் என்றேன். குஷியாகிவிட்டார். பிளக்கைப் பிடுங்கினேன், பியூஸ் மூடியைத் திருகித் திறந்தேன், பழையதை அப்படியே விட்டு மூடினேன். பாட்டு ஓட ஆரம்பித்ததும் ஆம்ப்ளிஃபயரில் மேல் ஸ்தாயி ஒலிகளைக் கூட்டிக் குறைக்கிற ட்ரெபிள் குமிழை அடியோடு இறக்கிவிட்டேன். எனக்கு நாதஸ்வரம் கம்பளிக்குள் போய்விட்டது. ஜால்ரா இருந்த இடமே தெரியவில்லை. அவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

முன்னைக்கு இப்போது ஒன்றும் மாறவில்லையே, சரியாகத்தான் மாட்டினாயா என்று கேட்டார்.

"இங்குட்டு வாங்க. இந்தக் குமிழ நீங்களே திருகிப் பாருங்க" என்றேன், உரக்க.

வந்தார். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருகினார். பாட்டு மூடி மூடித் திறந்தது, எனக்கு மட்டும். மறுபடியும் திருகினார். பிறகு குமிழைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். ஜெயித்துவிட்டேன் என்று தோன்றும் என நினைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அப்படித் தோன்றவில்லை.

பாட்டை அவரே நிறுத்தினார்.

"அப்ப நீ பேசுறதும் இப்படித்தான் விட்டுப்போகுதா?"

"பாதிக்கு மேல விட்டுப்போகுது. நீங்கதான் கேட்ட மாதிரியே இருக்கீக."

நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"விட்டுப்போனதெல்லாம் இப்பச் சொல்லு" என்றார்.

இத்தனை நாள் பேச்சை எந்த முனையில் பிடிப்பது? ஆனால் இவரை இப்போது விட்டால் மறுபடி பிடிக்க முடியாது. காரைக்குடி காது டாக்டர் நாளைக்கு எத்தனை மணிக்கு வருவார் என்பதிலிருந்து ஆரம்பித்தேன்.