பட்டாளத்துக்காரர் ஜெயித்த ஆட்டம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பாதி மறந்துபோச்சு, மீதி முன்பின்னாக வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதாமல் விடவும் முடியவில்லை, அவ்வளவு எரிச்சலாக இருக்கிறது.

கறுப்பினத்தவர் ஒருவர் சதுரங்கத்தில் முதன்முதலாகப் பெரிய பட்டம் வாங்கியிருக்கிறார் என்று என் மகன் பேப்பரில் படித்துக் காட்டினான். சந்தோஷம்தான். ஆனால் அவன், "அவங்களெல்லாம் இப்பத்தான் ஆத்தா இந்த ஆட்டத்துக்கே வாராங்க" என்றான். யுத்தகாலத்திலேயே ஒருவர் ஆடி நான் பார்த்திருக்கிறேன் என்றேன். "நீயா, செஸ்ஸா?" என்று சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டான்.

கல்யாணமாகி இரண்டாவது வருஷம் அது. என் வீட்டுக்காரர் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன். எங்கள் குவார்ட்டர்ஸ் ஜன்னலைத் திறந்தால் நேரே பிளாட்பாரம். ராமேஸ்வரம் போகும் லைனில் பட்டாள ரயில்கள் போகும். சிலோனுக்குப் போகிறது என்பார்கள். ஒருநாள் மத்தியானம், முன்னால் போன கூட்ஸ் தடம் புரண்டதால் ஒரு பட்டாள ரயில் எங்கள் ஸ்டேஷனில் நின்றுவிட்டது. உள்ளே இருந்தவர்கள் ஆப்பிரிக்காக்காரர்கள். காப்பிரிப் பட்டாளம் என்று ஊரில் சொன்னார்கள். அந்தச் சொல்லை இப்போது எழுதவே கூசுகிறது.

அன்றைக்குப் பிளாட்பாரத்துப் புங்கமரத்தடியில் ஒரு அரிசி வியாபாரி துணிக் கட்டத்தை விரித்துப் பார்சல் கிளார்க்கோடு சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார். அந்த வியாபாரியின் சிபாரிசில்தான் என் வீட்டுக்காரருக்கு வேலை கிடைத்தது. சுத்துப்பட்டில் தன்னை ஜெயித்தவன் கிடையாது என்று அவரே சொல்லிக்கொள்வார். கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்க வந்த பட்டாளத்துக்காரர் ஒருவர், கண்ணாடி போட்டவர், வாளியைக் கீழே வைத்துவிட்டு ஆட்டத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு சிரித்துக்கொண்டே பையிலிருந்து ஒரு சின்ன மடக்குப் பலகையை எடுத்துக் காட்டினார்.

"இந்தக் கருப்பனுக்கும் தெரியுமாம்யா. உக்காரச் சொல்லு, பொழுது போகட்டும்" என்றார் வியாபாரி. நிறத்தில் அவர் ஒன்றும் குறைந்தவரில்லை.

எங்கள் பக்கத்து ஆட்டத்தில் சிப்பாய்க்கு முதலிலும் ஒரே கட்டம்தான். ராஜா ஒரே ஒரு தடவை குதிரை மாதிரித் தாவலாம். ஆனால் அதற்கு முன்னால் எதிராளியின் காய் ராஜாவை ஒருமுறைகூட மிரட்டியிருக்கக் கூடாது. இதை வியாபாரி பட்டாளத்துக்காரருக்குச் சொல்லவில்லை. அவர் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளியபோது வியாபாரி ஒற்றை விரலால் பின்னுக்குத் தள்ள, கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நடு ஆட்டத்தில் வியாபாரியின் ராஜா தாவிற்று. பட்டாளத்துக்காரர் திகைத்துப்போய்த் தோற்றார்.

கோபப்படவில்லை. ராஜாவைத் தொட்டு, குதிரையைத் தொட்டு, ஒரு விரலைக் காட்டினார். ஒரு தடவையா என்று கேட்கிறார். வியாபாரி தலையாட்டிவிட்டு, மிரட்டினால் கிடையாது என்பதையும் காயை வைத்துக் காட்டினார். அவர் அதைத் திரும்பச் செய்து காட்டி நிச்சயப்படுத்திக்கொண்டு, மறுபடியும் காய்களை அடுக்கினார்.

பிறந்த வீட்டில் அடைமழை நாட்களில் நாங்கள் அக்கா தங்கைகள் இதைத்தான் ஆடுவோம். புகுந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. உலையில் அரிசி போடவும் மறந்தேன். வியாபாரியின் வாயில் வெற்றிலை மெல்லப்படாமல் கிடந்தது. கடைசியில் வியாபாரி, அடுத்த நகர்த்தலில் முடித்துவிடுகிற மாதிரி பட்டாளத்துக்காரரின் ராஜாவை வளைத்துவிட்டார். அப்போது அந்த மனுஷர் தன் ராஜாவை எடுத்துக் குதிரை மாதிரித் தாவ வைத்தார். ராஜா நகர்ந்ததும் பின்னால் நின்ற யானைக்கு வழி திறந்தது. வியாபாரியின் ராஜாவுக்குப் போக இடமில்லை.

"செல்லாது. இவன் ராஜாவ முன்னாடியே ஒருவாட்டி மிரட்டியாச்சு" என்றார் வியாபாரி.

மிரட்டவில்லை. எந்தக் கோயிலிலும் சூடம் அணைத்துச் சொல்வேன்.

வியாபாரி என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "நீ பாத்தியல்லப்பா?"

"பாத்தேங்க" என்றார் இவர். இவருக்கு யானைக்கும் குதிரைக்கும் வித்தியாசம் தெரியாது.

அந்தப் பட்டாளத்துக்காரருக்குப் பாஷை புரியாவிட்டாலும் விஷயம் புரிந்தது. காய்களை ஒவ்வொன்றாகப் பின்னுக்கு நகர்த்தி, ஆட்டம் முழுவதையும் நினைவிலிருந்து திருப்பிக் காட்டினார். எங்கே மிரட்டினாய், காட்டு என்கிற மாதிரி. ஒருவரும் கட்டத்தைப் பார்க்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் ரயிலைப் பார்த்தார்கள். அவர் தலையைத் தூக்கினார். நான் ஜன்னலில் நிற்பதை முன்பே கவனித்திருப்பார் போல. ராஜாவைத் தொட்டுக் காட்டி, கையை விரித்து என்னிடம் கேட்டார். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

'மிரட்டல, அவுகதான் ஜெயிச்சாக.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. நான் ஜன்னலைச் சாத்தினேன்.

"பொம்பளகிட்ட நாயம் கேக்குறான் பாரு" என்று வியாபாரி சொன்னதும், சிரிப்பும், பிறகு ரயில் ஊதியதும் கேட்டன.

வியாபாரி சாகிறவரை, காப்பிரிக்காரனை ரெண்டு ஆட்டத்திலும் கவிழ்த்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டு விசேஷத்திலேயே இலை முன்னால் உட்கார்ந்து சொன்னார். நான் ரசம் ஊற்றிக்கொண்டு கேட்டேன்.

அப்போதே வீட்டுக்காரரிடம், "ஏங்க அப்படிப் பொய் சொன்னீக?" என்று கேட்டிருந்தேன்.

"வேல வாங்கிக் குடுத்தவுக. நான்தான் பொய் சொன்னேன், நீ என்ன சொன்னே?" என்றார்.

அந்தப் பட்டாளத்துக்காரர் பேரும் தெரியாது, எந்தத் தேசத்துக்காரர் என்றும் தெரியாது, யுத்தத்திலிருந்து திரும்பினாரா என்றும் தெரியாது. விஷயம் தெரிந்தவர்கள் யாராவது, எந்த நாட்டுப் பட்டாளம் எந்த வருஷம் அந்த லைனில் போனது என்று பார்த்துச் சொல்லுங்கள். ராஜா தாவுகிற விதியையும் சரிபாருங்கள். நான் தப்பாக நினைத்திருந்தால் வியாபாரி சொன்னதே நியாயமாகிவிடும். சரி என்றால், அந்த இரண்டாவது ஆட்டம் பட்டாளத்துக்காரர் ஜெயித்தது என்று என் மகனுக்கு ஒரு கார்டு போடுங்கள்.