'சி' விழுங்கிய பாட்டு

செஞ்சியில் எக்ஸ்ட்ரீம் மெட்டல் என்கிற காதைக் கிழிக்கும் ராக் இசை வாசிக்கும் குழு ஒன்றே ஒன்றுதான். அதனால் ஊரிலேயே சிறந்த குழு நாங்கள்தான், மோசமான குழுவும் நாங்கள்தான். மூன்று பேர். நான் பாடகன். பாடகன் என்றால், உறுமுகிறவன்.

ஆரம்பத்தில் எங்கள் இசை அசுர வேகம். யாராவது விமர்சனம் எழுதியிருந்தால் 'ஆவேசம்' என்று எழுதியிருப்பார்கள். பாட்டு முடிவதற்குள் கரண்ட் போய்விடுமே என்ற பயம்தான் அது.

கடைத்தெருவில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரம் செய்யும் பேஸ் கிட்டார்காரனின் நைனா, கடைக்குப் பின்னாலிருந்த குடோனைப் பயிற்சிக்குக் கொடுத்திருந்தார். ஒருநாள் வந்து நின்றார்.

"நீங்க கத்துறதுல மூட்டை போட வர்றவங்கல்லாம் அடுத்த மண்டிக்குப் போறாங்கடா. இந்த வெள்ளிக்கிழமையோட சரி. சாவிய குடுத்துடுங்க."

எங்களுக்கு வேறு எவன் இடம் தருவான்? கோட்டையில் வாசிக்கலாம் என்றான் டிரம்ஸ்காரன். டிரம்ஸை மலைமேல் யார் தூக்குவது என்று கேட்டதும் அவனே அந்த யோசனையை வாபஸ் வாங்கினான்.

அந்த வெள்ளிக்கிழமை, போகிற போக்கில் புதுப்பாட்டை எடுத்தோம். பாட்டு முழுக்க ஒரே சொல்: 'சிதை'. பிணம் எரிக்கிற சிதையும் அதுதான், அழித்துவிடு என்பதும் அதுதான். அவ்வளவு ஆழம். என்ன, என் தொண்டையில் 'சி' எப்போதும் சிக்கிக்கொள்ளும். கண்ணை மூடி உறுமிவிட்டுத் திறந்தால், சிங்கவரத்திலிருந்து மூட்டையோடு வந்த ஒரு அம்மா, சாமி வந்து குறி சொல்பவனைப் பார்ப்பதுபோல் வாசலில் கைகூப்பி நிற்கிறார்.

"தையா ஆத்தா? வர்ற தையிலயேவா எம்பொண்ணுக்குக் கல்யாணம்?"

"இல்லம்மா, அது வந்து..." என்றேன். கட்டிய தொண்டையில் அதுவும் உறுமலாகவே வந்தது. அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, மூட்டையை நைனா கடையிலேயே இறக்கிவிட்டுப் போனார்.

நைனா அன்றைக்குச் சாவி கேட்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அனந்தபுரத்திலிருந்தெல்லாம் மூட்டைகள் வந்தன, பெண்ணைப் பெற்றவர்களோடு. நைனா கற்பூரத் தட்டோடு உள்ளே வந்தார்.

"கொஞ்சம் நிறுத்தி அடிங்கடா. இன்னா சொல்றான்னே புரியல. வந்தவங்களுக்கு மாசம் தெரிய வேணாவா?"

அப்படித்தான் எங்கள் இசை மெதுவானது. நாங்கள் இணையத்தில் ஏற்றிய பாட்டைக் கேட்ட சென்னை ரசிகர் ஒருவர், 'வேகத்தைத் துறந்த முதிர்ச்சி' என்று எழுதினார். நன்றி என்று பணிவாகப் பதில் போட்டேன்.

உற்சாகத்தில் டிரம்ஸ்காரன், "அடுத்து ஆடின்னு ஒரு பாட்டு போடலாமா நைனா?" என்றான்.

"ஆடியில எவன்டா கல்யாணம் பண்ணுவான்? இருக்கறதையே ஒழுங்கா உறுமுங்க" என்று சொல்லிவிட்டு, சாவியை எங்களிடமே விட்டுப் போனார்.