அக்கா விட்டுவிட்ட ஐந்தாவது தட்டு

அக்கா பத்தாவதில் பிரெஞ்சு எடுத்ததற்கு ஒரே காரணம், அதில் மார்க்கை அள்ளலாம் என்று விவேக் நகர் முழுக்கப் பேச்சு இருந்ததுதான். வாய்மொழித் தேர்வு என்று ஒன்று இருப்பதை யாரும் சொல்லவில்லை. அதற்கு வந்த பாடம் ஒளிச்சேர்க்கை. அந்த வார்த்தையைப் பிரெஞ்சில் சொல்லப் போனால் அக்காவின் நாக்கு பாதியிலேயே இங்கிலீஷுக்கு ஓடி, "ஃபோட்டோசிந்தசிஸ்" என்றுவிடும்.

பரீட்சை அவளுக்கு, சோறு இறங்காமல் போனது எனக்கு. நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். அக்கா ஃபெயிலானால் அப்பா படிப்பை நிறுத்திவிடுவாரோ, நிறுத்தினால் நான் தனியாக ஸ்கூலுக்குப் போகணுமோ, பேக்கரி வாசல் நாய் என்னைச் சும்மா விடுமோ என்று கவலை நீண்டுகொண்டே போனது.

சர்ச்சில் நான் சிறுவர் பாடகர் குழுவில் இருந்தேன். லத்தீன் பாட்டுக்கு அர்த்தம் ஒருத்தருக்கும் தெரியாது. தமிழ் எழுத்தில் துண்டு துண்டாக எழுதிக்கொண்டு, துண்டுக்கு ஒரு தட்டு என்று தொடையில் தட்டிப் பாடுவோம். எதையும் விழுங்கக் கூடாது, கடைசித் துண்டை நன்றாக இழுக்கணும். அக்காவின் வார்த்தையையும் அப்படியே வெட்டினேன். ஃபோ, தோ, சேன், தே. கடைசியில் 'எஸ்'ஸுக்குப் பின்னால் ஒரு 'e' எழுத்து சும்மா நின்றது. விடலாமா? இரண்டையும் சேர்த்து 'ஸே' என்று ஐந்தாவது துண்டாக்கினேன்.

அக்கா நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சரிங்க டீச்சரம்மா" என்றாள்.

ஒரு வாரம் சாயங்காலமெல்லாம் மொட்டை மாடியில் தட்டித் தட்டிச் சொன்னோம். ஐந்தாவதை அக்கா பூசைப் பாட்டு மாதிரி இழுப்பாள். என்னடி ரெண்டு பேரும் கொசு அடிக்கிறீங்களா என்று அம்மா கீழேயிருந்து கேட்பாள். எனக்குச் சோறு இறங்கியது.

தேர்வன்று ஜன்னலுக்கு வெளியே நின்றேன். வெளியிலிருந்து வந்திருந்த மிஸ் கேட்க, அக்கா பாடத்தைச் சொல்லிக்கொண்டே வந்தாள். அந்த வார்த்தை வந்தது. அவள் விரல் பாவாடையில் தட்டியது, என் கையும் தட்டியது. நான்கு தட்டு. ஐந்தாவதற்கு நான் கையைத் தூக்கியபோது அக்கா வாயை மூடிவிட்டாள். மிஸ் தலையாட்டிச் சிரித்தார். பாவம் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

வழியெல்லாம் அழுதேன். "கடைசியை விட்டுட்டியேக்கா."

"பயத்துல மறந்துட்டேன்டி" என்று கோன் ஐஸ் வாங்கித் தந்தாள்.

மார்க் வந்தபோது வகுப்பில் அக்காதான் முதல். ஒன்றை விட்டே இப்படி என்றால், ஐந்தையும் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாடகர் குழு முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

பரீட்சைக்குப் பயந்து எட்டாவதோடு நான் படிப்பை நிறுத்தினேன். பிரெஞ்சு என் பக்கமே வரவில்லை. போன மாதம் அக்கா மகள் போனில் தன் பாடத்தைப் படித்துக் காட்டினாள். அதே வார்த்தை. தொடையில் தட்டினேன், நான்கோடு நின்றுவிட்டது. கடைசி எழுத்துக்குச் சத்தமே கிடையாது சித்தி, முதல் வாரமே சொல்லித் தந்துட்டாங்க என்றாள். பின்னால் அக்கா சிரிப்பது கேட்டது.

அக்காவுக்கும் முதல் வாரமே சொல்லித் தந்திருப்பார்கள்தானே. தெரிந்தும் ஒரு வாரம் எனக்காக அந்த ஐந்தாவதை இழுத்து இழுத்துப் பாடியிருக்கிறாள். ஐஸ் முழங்கை வரை வழிய, அவளை மனதுக்குள் மன்னித்தபடி நடந்த பிள்ளைக்கு அது எங்கே தெரிந்தது.