மருந்தடித்த நொச்சி

போன சனிக்கிழமை விடிய எழும்பிப் பார்த்தால் என் வேலியின் ஒரு பக்கம் மொட்டை. இலை இல்லை, கொழுந்து இல்லை. வெறும் தடிகள்!

இந்தப் பக்கத்துக்குப் புதியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அன்புவழிபுரத்தில் எங்கள் ஒழுங்கை முழுக்க இப்போது மதில்தான். மதிலுக்கு முன்னால் சாடியில் குரோட்டன். என் கணவரும் மதில் கட்டத்தான் ஒற்றைக் காலில் நின்றார். இந்த மண்ணில் தானாக வளர்கிற செடி இருக்க, சீமெந்து எதற்கு? நொச்சித் தடிகளை வெட்டி வந்து வரிசையாக ஊன்றினேன். மாரிக்குள் அடர்ந்தால் வேலி, இல்லாவிட்டால் மதில் கட்ட மேசனைக் கூப்பிடுவேன் என்றார் அவர்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேர் விட்டதா என்று தடியைப் பிடுங்கிப் பார்ப்பேன். திரும்ப ஊன்றுவேன். பிடுங்கிப் பார்த்தால் எப்படி வேர் விடும்? தெரியும்... ஆனாலும் கை சும்மா இருக்காதே! எப்படியோ பிழைத்து, ஊதாப் பூவும் வண்ணத்துப்பூச்சியுமாக இடுப்பளவு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து இந்த மொட்டை.

குசினிக்கும் வாசல் படலைக்குமாக நடந்து நடந்து, பிடுங்கினவர்களைத் திட்டினேன். பிறகு குளித்துவிட்டு வர, கணவர் துறைமுகத்துக்கு வேலைக்குப் போயிருந்தார். வேலியில் ஒரு காட்போட் மட்டை தொங்கியது. அவருடைய கையெழுத்து. 'கவனம் — மருந்து அடிக்கப்பட்டுள்ளது.'

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு றோஸ் அக்கா படலையில் வந்து நின்றார். முகத்தில் இரத்தமே இல்லை.

"தங்கச்சி, எப்ப மருந்து அடிச்சனீங்கள்?"

அவருடைய மகளுக்கு அந்தக் கிழமைதான் பிள்ளை பிறந்தது. நொச்சி இலை அவித்த தண்ணீரில் காலையில் மகளைக் குளிக்க வார்த்திருக்கிறார். இலை என்னுடைய வேலியில் பிடுங்கியது. வைத்தியத்துக்குப் பிடுங்கும்போது விடிய முதல், இருட்டோடு பிடுங்கவேண்டும், செடி நிற்கிற வீட்டுக்காரரிடம் கேட்கக் கூடாது, கேட்டால் பலிக்காது. அது அவர்கள் வீட்டு வழக்கம்.

"பிள்ளை பாலுக்கு அழுகுது. மகள் குடுக்கப் பயந்துகொண்டு இருக்கிறாள். குடுக்கலாமோ ஏலாதோ, அதை மட்டும் சொல்லுங்கோ."

முதல் நாள் பின்னேரம் கணவர் மிளகாய்க் கன்றுகளுக்குப் பூச்சிமருந்து அடித்தது எனக்குத் தெரியும். மிச்சத்தை வேலிக்கும் அடித்துவிட்டாரோ? போன் எடுத்தேன். மணி அடிக்கிறது, ஆள் இல்லை. வேலை நேரத்தில் போனை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார். திரும்ப எடுத்தேன். ஓடிப்போய் நொச்சி இலையைக் கசக்கி மணந்து பார்த்தேன். நொச்சி தன் மணத்தைத் தவிர வேறு எதைக் காட்டும்? மருந்துப் போத்தலைத் தூக்கிப் பார்த்தேன். எவ்வளவு அடித்தார் என்று ஒன்றும் விளங்கவில்லை. றோஸ் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டார்.

மொட்டை விழுந்த பக்கத்தால் பிள்ளையின் அழுகை அப்படியே கேட்டது. வேலியாவது மண்ணாங்கட்டியாவது... இந்த மனுஷன் போனை எடுத்தால் போதும் என்றிருந்தது.

ஆட்டோ வந்து நிற்க, போன் அடித்தது. கணவர்தான்; வேலிக்கும் மருந்து அடித்தாரா என்று கத்திக் கேட்டேன்.

"வேலிக்கு நான் ஏன் மருந்து அடிக்கிறன்? உம்மட புலம்பல் தாங்க ஏலாமல் சும்மா எழுதிக் கட்டினனான்."

அவரைத் திட்டக்கூட நேரமில்லை. போனை றோஸ் அக்காவின் காதிலேயே வைத்தேன். அக்கா வீட்டுக்கு ஓடினார். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. நான் படியில் குந்திவிட்டேன்.

இந்த மண்ணுக்கே உரிய நேட்டிவ் செடி வளர்க்கிறேன் என்று பெருமையடித்தேனே... அது வண்ணத்துப்பூச்சிக்கு மட்டுமா நேட்டிவ்?

மட்டையை அன்றைக்கே கிழித்து அடுப்பில் போட்டேன். இப்போது விடிய முதல் நானே ஒரு பிடி நொச்சி முறித்து, றோஸ் அக்கா பக்கத்து வேலியில் சொருகி வைக்கிறேன். அவர்கள் கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை.

இப்படி முறித்தால் மாரிக்குள் எங்கே அடரப் போகிறது, மேசனைக் கூப்பிடட்டோ என்று நேற்றும் கேட்டார் கணவர்.

"கூப்பிடுங்கோ. பிள்ளை அழுதால் இங்கால கேட்கிற மாதிரி மதில் கட்டத் தெரியுமோ எண்டு முதல்ல கேளுங்கோ."